பிணப்புழுக்களிடையே இரையும் வேட்டையும்

ஊர்ப்புறத்தே மாடொன்று இறந்து கிடப்பின், காண்போர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் செல்வர். அருவருப்பை ஒருபுறம் ஒதுக்கி உற்று நோக்குவார்க்கோ, அச்சிறு பரப்பினுள்ளே உயிர்ப் போராட்டமொன்று நிகழ்தல் புலனாகும். மூன்று ஈக்கள் குதிரையொன்றின் பிணத்தைச் சிங்கம் உண்ணும் விரைவிலேயே உண்டு தீர்க்கும் எனச் சுவீடிய அறிஞர் இலின்னேயசு பதினெட்டாம் நூற்றாண்டிலே எழுதினார். ஈக்களின் வழித்தோன்றல்களாகிய புழுக்களின் பெருக்கத்தைக் கருதியே அவர் அவ்வாறு கூறினார். அப்புழுக்கள் பிணத்தை மாத்திரமன்றித் தம்முள் ஒன்றையொன்றும் உண்பதுண்டு என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

அழுகும் ஊனிலே புழுக்கள் தாமாகத் தோன்றுவதில்லை. ஈயிடும் முட்டைகளினின்றே தோன்றுகின்றன என்பதை இத்தாலிய அறிஞர் பிரான்செசுக்கோ இரேடி 1668ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனைகளாற் காட்டினார். முட்டையினின்று வெளிவரும் புழுவைக் குடம்பி என்பர். அது இருமுறை தோல் கழற்றி, மூன்று பருவங்களைக் கடந்து, உண்டு கொழுத்தபின் பிணத்தை விட்டகன்று பெரும்பாலும் மண்ணிற் புகுந்து கூட்டுப்புழுவாகும். பின்னர்ச் சிறகுடைய ஈயாய் வெளிப்படும். குடம்பிகள் பல்லாயிரம் ஒருங்கு திரண்டு உண்ணுங்கால், அத்திரளின் வெப்பநிலை சுற்றுப்புறத்தினும் மிக உயர்வதுண்டு. இங்ஙனம் கூடியுண்ணும் பந்தியிலேயே வேட்டையும் நடைபெறுகின்றது.

வேட்டையாடுவனவற்றுள் இரண்டினங்கள் நன்கு ஆராயப்பட்டவை. ஒன்று கிறைசோமியா றூபிபேசீசு. இது இலங்கை, இந்தியா முதலிய கீழைநாடுகளுக்கும் அவுத்திரேலியாவுக்கும் உரியது. மற்றையது கிறைசோமியா அல்பிசெப்சு. ஆபிரிக்காவும் தென் ஐரோப்பாவும் அதன் உறைவிடங்களாம். இவற்றின் குடம்பிகள் உடலெங்கும் தசைமுனைப்புகள் வரிசையாக அமையப்பெற்றமையால் மயிர்ப்புழுக்கள் எனப்படுகின்றன. முதற்பருவத்தில் இவை ஏனைய புழுக்களைப் போலவே ஊனையுண்டு வாழும். இரண்டாம் பருவத்தில் வேட்டைக்குணம் தலைகாட்டும். மூன்றாம் பருவத்தில் முற்றும். மயிர்ப்புழு தன் உடலை இரையின்மேற் சுற்றி வளைத்து, வாய்க்கொளுக்கிகளால் அதன் தோலைத் துளைத்து, உள்ளீட்டை உறிஞ்சும்.

ஊன் நிறைந்திருக்கப் புழுவைக் கொல்வானேன் எனும் வினா எழலாம். பிணம் வற்றாத ஊற்றன்று. சில நாள்களுள் தீர்ந்துபோம் பண்டமாகும். முதலில் வந்த ஈக்களின் குடம்பிகள் வளர்ந்து கொழுத்தபின்னரே பெரும்பாலும் மயிர்ப்புழுக்கள் தோன்றும். பிந்தி வந்ததற்குப் பிணத்தின் எச்சம் குறைவு. முந்தி வந்தவற்றின் உடலிலோ அதே ஊன் திரட்டப்பட்டுக் கிடக்கின்றது. ஆகவே ஒரு செயலால் உணவும் கிடைக்கின்றது, போட்டியும் ஒழிகின்றது. பசி மிகுமிடத்து இவை தம்மினத்தையும் விட்டுவைப்பதில்லை. தாக்கப்படும் இனங்களும் வாளாவிருப்பதில்லை; முற்ற வளருமுன்னரே பிணத்தை விட்டு ஓடிவிடுவனவும் உள. ஆயின், குறைவளர்ச்சியுடன் கூடுகட்டுவன சிறு ஈக்களாகும். சிற்றீ இடும் முட்டைகளும் சிலவே. உயிர் தப்பியும் இழப்பு நேர்கின்றது.

இவ்வேட்டையின் விளைவைப் புதிய உலகிலே தெளிவாகக் காணலாம். 1970களில் அல்பிசெப்சு முதலிய கிறைசோமியா இனங்கள் பிறேசில் நாட்டினுட் புகுந்து விரைவிற் பரவின. அங்குப் பிறந்த ஈயாகிய கொக்கிலியோமியா மசெல்லாரியா அதன்பின் பல விடங்களில் அருகியது. 1999இல் வெளியான பரிசோதனையொன்றில், பிறேசிலிய ஆய்வாளர் அல்பிசெப்சின் குடம்பிகட்கு மூவினக் குடம்பிகளை இரையாக அளித்தனர். உள்நாட்டு மசெல்லாரியாவே மிகுதியாகத் தாக்குண்டது. பழைய உலகினின்று வந்த ஏனை இரண்டும் குறைவாகவே தாக்குண்டன. றூபிபேசீசு இனமும் 1980களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நிலைகொண்டது.

இச்செய்தி ஆய்வுகூடத்தோடு அமைவதன்று, நீதிமன்றத்தையும் தொடுவது. பிணத்திற் காணப்படும் பூச்சிகளைக் கொண்டு இறந்த காலத்தை மதிப்பிடும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் மெஞ்ஞன் 1894இல் விரிவாக எழுதிய நூல் நிலைநாட்ட உதவியது. முந்திவந்த புழுக்களை மயிர்ப்புழுக்கள் முற்றும் உண்டொழிப்பின், எஞ்சுவது பிந்தி வந்தவற்றின் கணக்கே. அதை மாத்திரம் நம்புவார், சாவு நிகழ்ந்த காலம் உண்மையினும் அண்மையது எனக் கொள்வர். அச்சில நாள் வேறுபாடு குற்றமற்றவனைக் கூண்டில் நிறுத்தவும், குற்றவாளியை விடுவிக்கவும் போதும். ஆதலின், பிணத்தின் மேலுள்ள புழுக்களைத் திரட்டுவதோடமையாது, அவற்றுள் மயிர்ப்புழு உண்டா என நோக்குதலும், முன்னரே விலகிச் சென்றவற்றின் கூடுகளைச் சூழவுள்ள மண்ணிலே தேடுதலும் ஆய்வாளர்தம் கடமையாகின்றன. எஞ்சி நிற்பதை மட்டும் கண்டு, முன்பு இருந்தது யாதெனத் துணிதல் பிழையாகும்.