கேழ்வரகுப் புட்டும் மண்கட்டிச் சுவரும்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் புதுக் கட்டடம் எழும்பப்போகும் தெருவுக்கு முதலில் வருவது மண்ணள்ளும் லாரி. அஸ்திவாரத்துக்கும் தண்ணீர் சம்புக்கும் தோண்டிய செம்மண்ணை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். லோடுக்கு இவ்வளவு என்று கூலி. அடுத்த வாரம் வேறெங்கோ வெட்டிச் சூளையில் சுட்ட செங்கல் இன்னொரு லாரியில் வந்து இறங்கும். காலடி மண்ணை அனுப்பவும் காசு, அடுத்த ஊர் மண்ணை வரவழைக்கவும் காசு. கல்யாணம், காரியம், பிள்ளைகளின் டியூஷன் எல்லாவற்றுக்கும் உதவுகிற ஒரு சமுதாய பவன் இந்தப் பேட்டையில் கட்டுவதானால், இந்த வீண் போக்குவரத்தை நிறுத்துவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வழி பக்கத்திலேயே இருக்கிறது. ஊர்க்காரர்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகம் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அங்கே 1974-இல் அமுல்ய ரெட்டி ‘அஸ்த்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராமத்துக்கு உதவும் தொழில்நுட்பம் அதன் வேலை. கே.எஸ். ஜகதீஷ், பி.வி. வெங்கடராம ரெட்டி போன்றவர்கள் அங்கே பல ஆண்டுகள் உழைத்துச் செம்மைப்படுத்தியது, சூளைக்கே போகாமல் அழுத்திச் செய்யும் மண்கட்டி.

அது எப்படி உருவாகிறது? கேழ்வரகுப் புட்டு அவிக்கத் தெரிந்தவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

முதலில் மாவு. ரொம்ப நைசாக அரைத்த மாவில் புட்டு உதிராது, ஒட்டிக்கொள்ளும். விரலுக்கு லேசான நறநறப்பு தட்ட வேண்டும். மண்ணுக்கும் அப்படியே. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மணல், பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றே கூடுதலாகக் களிமண் என்பது நல்ல சேர்மானம். பெங்களூரின் செம்மண்ணில் பெரும்பாலும் களிமண் அதிகம். மணலோ கல்குவாரித் தூளோ சேர்த்துச் சரிசெய்வார்கள். சேர்மானத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மண், நிறையத் தண்ணீர், குலுக்கி வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலாகவும் படியும். வேரும் மக்கும் கலந்த மேல்மண் ஓரடியைச் சேர்க்கக் கூடாது. அது தோட்டத்துக்கு. ஸ்ரீராம்புரம் போன்ற பழைய பேட்டையில் மேல் அடுக்கில் இடிபாடும் கலந்திருக்கும், அதையும் சலித்து ஒதுக்க வேண்டும்.

மாவுக்கு உப்பு மாதிரி மண்ணுக்கு சிமென்ட். நூறு பங்குக்கு ஏழு பங்கு அளவில் போதும். களிமண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும்; சிமென்ட் மணல் துகள்களைப் பிணைத்து, மழையில் கட்டி கரையாமல் காக்கிறது.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் கைப்பக்குவம். புட்டு மாவில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, ஒரு பிடி பிடித்துப் பார்ப்போம். பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மண்கட்டி போடும் மேஸ்திரியும் இதையே செய்கிறார். ஈர மண்ணை உருண்டை பிடித்து இடுப்பளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுவார். பொடிப்பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது. அப்படியே சப்பையாக நின்றால் ஈரம் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம்.

புட்டோடு ஒப்பு இதற்குமேல் ஓடாது. ஆவி புகுவதற்காகப் புட்டு மாவைப் பொலபொலவென்று விட வேண்டும். மண்ணை இயந்திரத்தில் போட்டு நெம்புகோலால் இறுக்கி, காற்று இடைவெளியைக் கசக்கி எடுக்க வேண்டும். புட்டுக்கு அடுப்பு வேண்டும். மண்கட்டிக்கு நெருப்பே வேண்டாம். நிழலில் அடுக்கி, வைக்கோலோ சாக்கோ போர்த்தி, மூன்று நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்தால் சிமென்ட் இறுகிக் கட்டி பலமாகும். நெருப்பு இல்லாததால் எவ்வளவு மிச்சம் என்பதை ஜகதீஷும் வெங்கடராம ரெட்டியும் 2003-இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். சுட்ட செங்கல்லும் கான்கிரீட் கூரையும் கொண்ட இரண்டு மாடிக் கட்டடத்தின் பொருள்களுக்குச் சதுர மீட்டருக்கு 2.92 கிகா ஜூல் ஆற்றல் செலவாகிறது. மண்கட்டிச் சுவரும், இடையில் ஓடு வைத்து வார்த்த கூரையும் என்றால் 1.61.

ஓடு வைத்த கூரை, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய உத்தி. தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை வைத்துவிட்டால் கான்கிரீட்டும் குறையும், கூரையின் சூடும் குறையும்.

இனி மனை. 6 மீட்டருக்கு 4 மீட்டர், 2.5 மீட்டர் ஆழம் தோண்டினால் 60 கன மீட்டர் மண். 230 × 190 × 100 மில்லிமீட்டர் அளவில் சுமார் 10,000 கட்டிகள் தேறும். 12 மீட்டருக்கு 8 மீட்டர் கூடத்தின் சுற்றுச்சுவருக்குப் போக மிச்சமும் இருக்கும். தோண்டிய பள்ளமோ மழைநீர்த் தொட்டி! பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை. அந்தக் கூடத்தின் கூரையில் மட்டும் 90,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் காவிரியைக் கொண்டுவரும் ஊரில் இதை ரோட்டில் விடுவது பெருங்குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

மனையின் சரிவை மண் நிரப்பிச் சமன்படுத்தவும் வேண்டாம். இந்தப் பக்கத்து நீர் விருஷபாவதிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குவது. சரிவோடு படி படியாகத் தரையை இறக்கினால், படிகளே கூட்டத்தில் உட்காரும் இடம். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்தால் மாலை வெயில் குறையும். மேற்கே ஜன்னலும், கிழக்குச் சுவரில் உயரத்தில் திறப்பும் வைத்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று சூட்டை வெளியே தள்ளிவிடும். அடிச்சுவர் இரண்டடிக்குச் சைஸ் கல். தெறிக்கும் மழை மண்கட்டியைத் தொடாது. மனையில் புங்கை மரம் இருந்தால் கூடத்தை அதற்கேற்ப வளைக்கலாம்.

புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவில்லின் பார்வையாளர் மையம் இந்த முறையின் நல்ல சான்று. 1968-இல் ஆரோவில் அமைந்த மேடு மழை அரித்த வெற்றுச் செம்மண். வரப்பு கட்டி, மரம் நட்டு, நீரை நிறுத்திய பிறகு, அந்த மண்ணையே அழுத்திக் கட்டியாக்கி, வளைவுகளும் குவிமாடங்களுமாக அந்த மையத்தைக் கட்டடக் கலைஞர் சுஹாசினி ஐயர் வடிவமைத்தார். அதற்கு 1992-இல் ஹசன் ஃபாத்தி பெயரிலான சர்வதேச விருது கிடைத்தது. பெங்களூரில் கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத் மனையில் தோண்டிய மண்ணிலேயே சுவர் எழுப்பிப் பல வீடுகள் கட்டியிருக்கிறார்.

சமுதாய பவன் கமிட்டி கவனிக்க வேண்டியது நாள்கணக்கு. டிசம்பரில் தோண்டி, மண் சோதித்து, ஜனவரியில் கட்டி போட்டால் பிப்ரவரி கடைசியில் சுவர் எழுப்பலாம். மே மாத இடிமழைக்கு முன் கூரை ஏறிவிடும். கட்டி போடும் முதல் நாளிலேயே இரண்டை எடுத்துத் தனியே வைத்து, நான்கு வாரம் பதப்பட்டபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுப் பலம் சோதிக்கச் சொல்லுங்கள். நனைந்த நிலையிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ தாங்கினால், அந்த மண்ணை நம்பி மேலே கட்டலாம்.