வருமானம் கேட்ட இடத்தில் குடியுரிமை

அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் போவதற்கு ஓர் இடம் உண்டு: சமூக சுகாதார மையம். 1965இல் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட்டில் ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிவைத்தது. பிறகு மிசிசிப்பியின் மவுண்ட் பயூவிலும் ஒன்று வந்தது. அங்கே ஒட்டிய வயிறோடு வந்த பிள்ளைகளுக்கு கைகர் மருந்துச் சீட்டில் சாப்பாட்டை எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடை பாக்கியை மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து தீர்த்தார்கள். மேலதிகாரிகள் கேட்டதற்கு, சத்துக்குறைவுக்குச் சாப்பாடுதானே மருந்து என்றார் அவர்.

இன்று அந்நாட்டில் இத்தகைய அமைப்புகள் ஏறத்தாழ 1,400. நோயாளிகள் 3 கோடிக்கும் மேல். வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்று கேட்டுத்தான் கட்டணத்தை முடிவு செய்வார்கள். வறுமைக் கோட்டின் இரு மடங்கு வரை சம்பாதிப்பவருக்குப் படிப்படியாகச் சலுகை. பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

மற்ற அரசு உதவிகளின் கதை வேறு. 1996இல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தால், கிரீன் கார்டு வாங்கியவரே ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்குப் பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆவணம் இல்லாதவர்களுக்கு அவசர சிகிச்சைச் செலவு மட்டும். (பிள்ளைகளை நம்பி கிரீன் கார்டில் போகும் நம்மூர்ப் பெற்றோருக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு, முதியோருக்கான மெடிக்கேர் காப்பீட்டைப் பணம் கட்டி வாங்கவும் 5 ஆண்டு ஆக வேண்டும்.) ஆனால் 1998இல் வந்த அரசு விளக்கம் சுகாதார மையங்களை இந்தச் சட்டத்தின் தடைக்குள் சேர்க்கவில்லை.

2025 ஜூலையில் டிரம்ப் அரசு அந்த விளக்கத்தை மாற்றி, மையங்களையும் தடைக்குள் கொண்டுவந்தது. சுமார் இருபது மாநில அரசுகளும் வாஷிங்டன் டி.சி.யும் சேர்ந்த அணி வழக்குப் போட்டது. செப்டம்பரில் ரோட் ஐலண்ட் நீதிமன்றம் அவர்கள் எல்லைக்குள் இடைக்காலத் தடை விதித்தது. லாப நோக்கமற்ற அறநிறுவனங்கள் குடியேற்ற நிலையைச் சரிபார்க்கத் தேவையில்லை என்று 1996 சட்டமே சொல்வது இதில் ஒரு சிக்கல்; மையங்களில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

விதியைவிட பயம்தான் ஆட்களை அதிகம் விரட்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவிலேயே பிறந்த குழந்தைக்கு மெடிக்கெய்டு உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் வீட்டு முகவரி எழுத ஆவணம் இல்லாத தாய்க்குக் கை வராது. இந்தப் பயம் வெறும் வதந்தியால் வந்தது என்று தள்ளவும் முடியாது. மெடிக்கெய்டு பயனாளிகளின் விவரங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கைமாறியது 2025 ஜூனில் செய்தியாகவே வந்தது.

இப்படிப் பயந்து மாத்திரை வாங்கப் போகாத சர்க்கரை நோயாளி கடைசியில் அவசரப் பிரிவுக்கு வருவார். அங்கே யாராக இருந்தாலும் பரிசோதித்து உயிர் காக்க வேண்டும் என்பது 1986 முதல் சட்டம். அவர் ஏழையாக இருந்தால் அந்தப் பெரிய பில்லை, அவசர மெடிக்கெய்டு என்ற பெயரில், பெரும்பாலும் அரசேதான் கட்டும்.