தொழிலகக் கட்டுப்பாட்டில் இரட்டைத் தடச் சீரியல் தொடர்பு

இரட்டைத் தடச் சீரியல் தொடர்பு என்பது, தொழிற்சாலைக் கட்டுப்படுத்திக்கும் (பி.எல்.சி.) களத்திலுள்ள கருவிகளுக்கும் இடையே ஒன்றுக்குப் பதில் இரண்டு தனித்தனித் தொடர்புத் தடங்களை அமைப்பதாகும். ஒன்று பழுதானாலும் மற்றொன்றின் வழியே அளவீடுகளும் கட்டளைகளும் செல்ல வேண்டும் என்பதே நோக்கம்.

ஈத்தர்நெட் பரவிய பின்னும் மின்னளவிகள், பாய்வுமானிகள், மோட்டார் வேகக் கட்டுப்படுத்திகள் பலவும் ஆர்.எஸ்-485 கம்பியில், 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறையிலேயே பேசுகின்றன. முறுக்கிய ஒரு சோடிக் கம்பி ஏறத்தாழ 1200 மீட்டர் வரை ஓடும். அடிப்படை வரையறைப்படி 32 கருவிகளைத் தாங்கும். செலவு குறைவு. ஆனால் கம்பி நடுவில் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள கருவிகள் அனைத்தும் ஒன்றாக மறைந்துவிடும். ஒரேயொரு கருவியின் அனுப்புச் சில்லு பழுதாகிக் கம்பியை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டாலும் முழுத் தடமும் ஊமையாகும்.

கம்பியின் கடைசி முனையைத் தொடக்கத்தோடு இணைத்து வளையமாக்கினால் போதாதா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. செம்புக் கம்பியில் அது சரிவராது. ஆர்.எஸ்-485 தடத்தின் இரு முனைகளிலும் வழக்கமாக 120 ஓம் மின்தடை பொருத்தப்படுகிறது. சைகை முனையில் மோதித் திரும்பாமலிருக்க அது தேவை. வளையத்துக்கு முனையே இல்லை. வளையம் வேண்டுமானால், அதற்கென வடிவமைக்கப்பட்ட ஒளியிழை மாற்றிகளைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்த சிக்கல், யார் பேசுவது என்பது. சீரியல் மோட்பஸில் ஒரு தடத்தில் ஒரே தலைமைக் கருவிதான் இருக்கலாம். கட்டுப்படுத்தியையும் இரட்டிப்பாக்கினால், ஒன்று கேள்வி கேட்க மற்றொன்று மௌனமாக இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் கம்பி மட்டும் அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே கருதும். இரண்டும் பேசத் தொடங்கினால் செய்திகள் மோதிச் சிதையும். எனவே மாற்றுக் கட்டுப்படுத்தி, தலைமையை எடுக்குமுன் சீரியல் தடத்தையே சிறிது நேரம் கவனித்து, அங்கே பேச்சு நடக்கவில்லை என உறுதிசெய்ய வேண்டும்.

நேரக் கணக்கைத்தான் பலரும் போடுவதில்லை. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், 11 பிட் கொண்ட ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1.15 மில்லிநொடி ஆகும். 10 பதிவகங்களைப் படிக்கக் கேள்விக்கு 8, பதிலுக்கு 25 என 33 எழுத்துகள். அதாவது சுமார் 38 மில்லிநொடி. செய்திகளுக்கு இடையே 3.5 எழுத்து நேர இடைவெளியும் வேண்டும். 30 கருவிகளைச் சுற்றிவர ஒன்றரை நொடி போதும் போலத் தோன்றும். ஆனால் தடம் அறுந்து, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நொடி வீதம் மூன்று முறை காத்திருந்தால், அதே சுற்று 90 நொடியாகிவிடும்.

அதற்குள் என்ன நடக்கும்? பல வேகக் கட்டுப்படுத்திகளில், குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு உண்டு. தடமாற்றம் அதைவிடத் தாமதமானால் இரண்டாம் தடம் இருந்தும் பயனில்லை. இன்னொருபுறம், நீர்த்தொட்டியின் மட்டம் கடைசியாக வந்த எண்ணிலேயே திரையில் உறைந்து நிற்கும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும், தொட்டி வழியும். ஆகவே முழுச் சுற்று முடியும்வரை காத்திராமல், அடுத்தடுத்து இரண்டு மூன்று கருவிகள் பதிலளிக்காதபோதே தடம் மாற வேண்டும். ஒரு கருவி மட்டும் மௌனமானால் பழுது பெரும்பாலும் அந்தக் கருவியில்தான்; அதற்காகத் தடம் மாற்றக்கூடாது.

பெரும்பாலான கருவிகளுக்கு ஒரே சீரியல் வாய்தான். இரு தடங்களையும் இணைக்கும் பெட்டியைப் பொருத்தலாம். அப்போது அந்தப் பெட்டியே புதிய பலவீனமாகிறது. முக்கியமான அளவீட்டுக்கு இரு கருவிகளை வைத்து, தடத்துக்கு ஒன்றாக இணைப்பதே மேல். இரு கம்பிகளும் ஒரே கம்பித்தட்டில் சென்றால் ஒரே தீ, ஒரே மண்வெட்டி எந்திரம் இரண்டையும் அறுத்துவிடும். மின்வழங்கிகளும் வேறாக இருக்க வேண்டும்.

பயன்படாத தடம் பழுதானாலும் வெளியே தெரியாது. இரட்டை வாய் உள்ள கருவிகளை ஒரு சுற்று முதல் தடத்திலும் அடுத்த சுற்று இரண்டாம் தடத்திலும் படித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எச்சரிக்கை வைப்பது இதற்கு நல்ல வழி. நிறுவும்போது, எந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கையில், பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் ஒவ்வொரு தடத்தையும் கழற்றிப் பார்த்து, மாறுவதற்கு ஆன நேரத்தை அளந்து குறித்து வைக்க வேண்டும்.