தாழ்த்திய பிக்கப்பும் தீவகத்து வீதிகளும்: சொக் வாங்குவதற்கு முன்

தீவகத்தில் ஒரே வாகனம்தான் ஆட்களையும் மீனையும் சீமெந்தையும் சுமக்கிறது. பண்ணை தாண்டி வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரை தரைவழியே போகலாம். குறிகட்டுவானுக்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். நெடுந்தீவில் இறங்கினால் பிக்கப்பின் பின்பெட்டியில்தான் பலரது பயணம். நோயாளரும், போர்க்காயங்களோடு வாழ்பவர்களும் அதில் அமர்ந்தே போகிறார்கள்.

பிக்கப்பைத் தாழ்த்துவதற்கு நான் பேசிய சாரதிகள் இரண்டு காரணங்கள் சொன்னார்கள். இளையவர்களுக்கு அது அழகு. மற்றவர்களுக்கு அது தேவை. செயற்கைக் கால் பொருத்திய ஒருவருக்கு உயரமான பெட்டியில் ஏறுவது பெரும்பாடு. இரண்டு அங்குலம் குறைந்தாலும் அவருக்கு ஆறுதல்தான். ஆனால் பிழையாகத் தாழ்த்தினால், ஏறும் சிரமம் குறைந்து இருக்கும் வேதனை கூடிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாரத்தைத் தாங்குவது சொக் அல்ல. வில்லுத் தகடு அல்லது சுருள்வில். வில்லின் துள்ளலை அடக்குவதே சொக்கின் வேலை. அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகளின் ஊடாக நெருக்குண்டு பாய்கிறது. துள்ளலின் வலு அங்கே வெப்பமாகிக் கழிகிறது. வாகனத்தைத் தாழ்த்திவிட்டுப் பழைய நீளச் சொக்கையே விட்டால், தண்டு ஏற்கெனவே பாதிக்கு மேல் உள்ளே போயிருக்கும். பள்ளத்தில் விழும்போது அடிமுட்டி, சீல் கிழியும், பிணைப்பும் உடையலாம்.

ஆகவே அளந்து வாங்குங்கள். வழக்கமான சுமையோடு வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சொக்கின் மேல், கீழ்ப் பிணைப்புகளுக்கு இடையிலான தூரத்தை அளவுங்கள். வாங்கப்போகும் சொக் விரிந்தால் 50 செ.மீ., அமுங்கினால் 30 செ.மீ. என்றால், நீங்கள் அளந்தது 40 செ.மீ. அளவில் இருப்பது நல்லது. 33 செ.மீ. என்றால் பள்ளத்துக்கு 3 செ.மீ.தான் மிச்சம். சொக் அடிமுட்டும் முன் தடுப்பு ரப்பர் தொட வேண்டும் என்பதையும் பாருங்கள்.

பின்புறத்தைத் தாழ்த்தும்போது அச்சு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அச்சு வில்லுத் தகட்டுக்கு மேலே இருந்தால், இடையில் உலோகக் கட்டை வைக்க வாகனம் தாழும். அச்சு கீழே இருந்தால் அதே கட்டை வாகனத்தை உயர்த்திவிடும். தகடுகளைக் கழற்றினால் தாழும், ஆனால் சுமை தாங்காது. முன்புறத்தைத் தாழ்த்தினால் சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்காமல் ஓடாதீர்கள். ரயர் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சமூகம் நாங்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்கும் கைத்திறன் எங்கள் கராஜ்களில் இன்றும் உண்டு. ஆனால் வில்லில் அந்தச் சமாளிப்பு வேண்டாம். நெருப்பால் சூடாக்கி இறக்கிய வில் தன் பதத்தை இழக்கும். தளர்ந்து தொய்ந்துவிடும், அல்லது ஒருநாள் சுமையோடு முறியும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் பழைய வாகனங்களும் பாவித்த பாகங்களுமே பலருக்குக் கதி. பாவித்த சொக்கை நிமிர்த்திப் பிடித்து மெதுவாக அமுக்கி இழுங்கள். நடுவில் தடையின்றி வெறுமையாக ஓடினால் வேண்டாம். எண்ணெய் கசிந்தாலும், தண்டில் துருப்புள்ளி இருந்தாலும் வேண்டாம். ஒன்று பழுதென்றாலும் சோடியாகவே மாற்றுங்கள்.

துருதான் இங்கே முதல் எதிரி. உப்புக்காற்றில் தண்டு அரித்தால், அந்தச் சொரசொரப்பு சீலை அறுக்கும். தீவகத்தில் நல்ல தண்ணீர் அருமைதான். ஆனாலும் உவர்நீரால் கழுவினால் கழுவாததற்குச் சமம். வாரத்துக்கு ஒரு வாளி நல்ல தண்ணீரைச் சொக்குக்கும் வில்லுக்கும் ஒதுக்கலாம்.

எவ்வளவு தாழ்த்தலாம்? சுண்ணாம்புக் கல் கிளம்பிய ஒழுங்கைகளில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போவது புத்தியல்ல என்பது என் எண்ணம். வேலை முடிந்ததும் வேறொருவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்பெட்டியில் ஏறி ஒரு மைல் போய்ப் பாருங்கள். முதுகில் செல் துண்டோடு வாழ்பவர் படுகிற குலுக்கல் முன்னிருக்கையில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.