மிச்சம் இருப்பதில் பெஸ்ட்!

உலகத்திலேயே ரொம்ப நேர்மையான வீடியோ கேசட் எது தெரியுமா? 1990-ல் பி.பி.சி. வெளியிட்ட ஒரு காமெடித் தொகுப்புதான். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ''நாட் ஒன்லி பட் ஆல்ஸோ'வில்... மிச்சம் இருப்பதில் பெஸ்ட்!'

மளிகைக் கடைக்காரர், ''நல்ல துவரம்பருப்பு தீர்ந்துபோச்சு சார், மூட்டை அடியில கெடக்கிறதைப் பொறுக்கித் தரட்டுமா?'' என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு தலைப்பு!

நடந்தது இதுதான். பீட்டர் குக், டட்லி மூர் என்று இரண்டு பேர். 1965-லிருந்து 1970 வரை பி.பி.சி-யில் இவர்கள் நடத்திய 'நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ'வைப் பார்த்து இங்கிலாந்தே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் காலத்தில் வீடியோ டேப் யானை விலை. ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகி முடிந்ததும், அதே டேப்பை அழித்து அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்கள். சிலேட்டு மாதிரி! ''அழிக்காதீங்க, டேப்புக்கு ஆகிற காசை நானே கொடுத்துடறேன்'' என்று பீட்டர் குக் கெஞ்சிப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். பெரும்பகுதி அழிந்தது. இருபது வருஷம் கழித்து, 'ஐயோ, பொக்கிஷமாச்சே' என்று தேடியபோது கையில் அகப்பட்டதைத்தான் அந்தத் தலைப்பில் விற்றார்கள்.

சிரிப்பை யாராவது பீரோவில் வைத்துப் பூட்டுவார்களா என்று நினைக்கிறீர்கள் இல்லையா? நகையைப் பூட்டுகிறோம், பத்திரத்தைப் பூட்டுகிறோம், எல்.ஐ.சி. பாண்டைப் பூட்டுகிறோம். சிரிப்பைப் பூட்டாததால் என்ன குடி முழுகிவிடும்?

முழுகும் சார். எப்படி என்று சொல்கிறேன்.

பத்தே எபிசோடு... பாதி இந்தியா!

1989. தூர்தர்ஷன் ஒன்றுதான் டி.வி. என்றிருந்த காலம். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, ''இப்ப தெரியுதா... இப்ப?'' என்று ஒருவர் கத்த, கீழே இருந்து ''புள்ளிதான் தெரியுது!'' என்று பதில் வரும் காலம். அப்போது 'ஃப்ளாப் ஷோ' என்று இந்தியில் ஒரு தொடர் வந்தது. தன் தொடருக்குத் தானே 'ஊத்திக்கிச்சு' என்று பெயர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

எழுதி, இயக்கி, நடித்தவர் ஜஸ்பால் பட்டி. அமிர்தசரஸில் பிறந்தவர், படித்தது எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங். 'ட்ரிப்யூன்' பத்திரிகையில் கார்ட்டூன் போட்டவர். மனைவி சவிதா பட்டிதான் தயாரிப்பாளர், தொடரிலும் மனைவி. (சம்பளப் பாக்கியே வராது!) கூட வந்து கலக்கியவர் விவேக் ஷவுக். மொத்தமே 10 எபிசோடுகள்தான்.

பட்டி யாரைக் கிண்டல் செய்தார்? மந்திரிகளை என்று நினைத்தால் தப்பு. மந்திரியைக் கிண்டல் செய்வது சுலபம். டீக்கடையில் எல்லோரும் செய்கிறோம். அவர் குறி வைத்தது நம்மை. பொய் மெடிக்கல் பில் கொடுத்து ஆபீஸில் காசு வாங்குகிறோமே, அது ஒரு எபிசோடு. பிஎச்.டி. மாணவனை வீட்டு வேலைக்கு விரட்டும் பேராசிரியர் ஒரு எபிசோடு. விழாவுக்குத் தலைமை தாங்க ஆள் பிடிப்பது, டெலிபோன், வீட்டு மனை, கான்ட்ராக்டரும் இன்ஜினீயரும்... என்று ஒவ்வொரு வாரமும் ஒரு வர்க்கம். எபிசோடு முடிவில் ஒரு பிரபல சினிமாப் பாட்டின் மெட்டில் நையாண்டிப் பாட்டு.

இதைத்தான் ஒரு ஆடிட்டர் மாதிரி உட்கார்ந்து, வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். (பி.காம். படித்ததற்கு இதாவது மிஞ்சட்டும்.)

டெலிபோன்: கணக்கு முடிந்தது. போனுக்கு மனு போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த கதையைச் சொன்னால் இன்றைய பையன்கள், ''சும்மா ரீல் விடாதீங்க மாமா'' என்கிறார்கள். அந்தக் கவலை செத்துவிட்டது.

மெடிக்கல் பில்: நிலுவையில் உள்ளது. பேப்பராக இருந்தது ஸ்கேன் ஆகிவிட்டது, அவ்வளவுதான். நோயாளி மாறவில்லை, நோயும் மாறவில்லை.

பிஎச்.டி.: நோ கமென்ட்ஸ். என் நண்பன் ஒருவன் இப்போதுதான் சினாப்சிஸ் கொடுத்திருக்கிறான். அவன் பிழைக்க வேண்டும்.

பார்த்தீர்களா? பழைய நையாண்டி வெறும் சிரிப்பு இல்லை. ஒரு சமூகம் எதிலிருந்து தப்பித்தது, எதில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் பேரேடு. சரித்திரப் புத்தகத்தில் 1989 என்றால் தேர்தல் இருக்கும், பிரதமர் பெயர் இருக்கும். அந்த வருஷம் ஒரு கிளார்க் என்ன பொய் பில் கொடுத்தான் என்பது பட்டியிடம்தான் இருக்கிறது!

பட்டி 2012 அக்டோபர் 25-ம் தேதி பஞ்சாபில் கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் அவருடைய படம் ரிலீஸ். படத்தின் பெயர் 'பவர் கட்'. 2013-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். அவரே இருந்திருந்தால் அதற்கும் ஒரு எபிசோடு எடுத்திருப்பார்.

பெட்டியில் போட்ட போலீஸ்!

எங்கள் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பெரியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; எங்கள் ஊர் பாஷையில் 'சொல்தா'. பாரீசிலிருந்து பிள்ளை அனுப்பிய ஒரு பெட்டியைக் காட்டினார். லூயி து ஃப்யூனெஸ் நடித்த 'ழாந்தார்ம்' படங்கள். 1964-லிருந்து 1982 வரை வந்த ஆறு படங்களும் ஒரே பெட்டியில். ஒரு சின்ன ஊர் போலீஸ்காரர்களின் அசட்டுத்தனங்களை ஆறு படமாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் கூடுதல் குஷி உண்டு. பிரெஞ்சுக்காரன் போனாலும், எங்கள் போலீஸ் தலையில் அவன் வைத்த 'கெப்பி' தொப்பி போகவில்லையே, அதுவும் சிவப்பு நிறத்தில்!

''தம்பி, நம்ம ஊர்ல போலீஸைக் கிண்டல் பண்ணி ஆறு படம் எடுத்தா, இப்படிப் பொட்டியில போட்டு வைப்பாங்களா?''

''படத்தைப் போட மாட்டாங்க ஐயா. எடுத்தவரை வேணா உள்ளே போடுவாங்க!''

பெரியவர் சிரித்தார். ஆனால், அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. பிரான்சில் 1992-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். டி.வி., ரேடியோ நிகழ்ச்சிகளையும் புத்தகம் மாதிரி சட்டப்படி ஒப்படைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று. அந்த வேலையை 'இனா' என்ற அரசு நிறுவனம் பார்க்கிறது. நம் நாட்டில் 1954-ம் வருஷச் சட்டப்படி ஒரு புத்தகம் போட்டால் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் கன்னிமராவுக்கும், இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பத்திரிகைகளுக்கும் இது உண்டு. டி.வி. நிகழ்ச்சி அந்தச் சட்டத்தில் இல்லை. ஆக, ''ஆயிரம் சமையல் குறிப்புகள்'' கன்னிமராவில் பத்திரமாக இருக்கும். அதை வைத்து எடுத்த காமெடி..? கடவுள் விட்ட வழி!

நம்ம வீட்டுக் கணக்கு

சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அன்றிலிருந்து எத்தனை நையாண்டி நாடகங்கள்! மேடையில் 1968-லேயே 'முகமது பின் துக்ளக்' போட்ட சோ. 'கிரேஸி' மோகன். எஸ்.வி.சேகர்... சேகரின் நாடகங்களாவது ஆடியோ கேசட்டாக வந்து வீட்டுக்கு வீடு ஓடின. 'காட்டுல மழை' கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு, அடுத்த வசனத்தைத் தாங்களே சொன்ன குடும்பங்கள் உண்டு. அதுதான் நம் ஊர் 'கலெக்டர்ஸ் எடிஷன்'. (கலெக்டர் என்றதும் தாலுகா ஆபீஸ் பக்கம் போய்விடாதீர்கள், சேகரிப்பவர் என்று அர்த்தம்.) பார்க்காமலேயே சிரித்த தலைமுறை அது!

என் தலைமுறைக்கு வந்தது 'லொள்ளு சபா'. 2000-க்குப் பிறகு விஜய் டி.வி-யில் வந்து, நாம் கைதட்டி, விசிலடித்து, அழுது பார்த்த படங்களையெல்லாம் பிரித்து மேய்ந்தது. இயக்கியவர் ராம்பாலா. சந்தானம், கையை ஆட்டி ஆட்டிப் பேசும் மனோகர், சுவாமிநாதன், ஜீவா, சேசு... ஓரத்தில் நின்றவர்களில் ஒருவர் யோகி பாபு! ஹீரோ ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்க விடுவதைப் பார்த்து அதுவரை நாங்கள் சந்தேகப்பட்டதே இல்லை. 'ஏன்டா, அவன் எப்படிடா பறந்தான்?' என்று முதலில் கேட்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் லொள்ளு சபாதான். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவன், தேர்தல் வாக்குறுதியைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்பான். நையாண்டியின் லாபம் அங்கேதான் இருக்கிறது.

''அதான் யூடியூப்ல கிடைக்குதே, இன்னும் என்னய்யா?'' என்பீர்கள். கிடைக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், அது வாடகை வீடு. நாளைக்கே ஓனர் காலி பண்ணச் சொன்னால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். எங்கிருந்தோ ஒரு புகார் வந்தால் வீடியோ காணாமல் போகும்.

அதோடு, கிளிப்புகளைப் பார்ப்பதற்கும் பெட்டியாக வைத்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பி.பி.சி-யின் 'யெஸ் மினிஸ்டர்', 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' இரண்டும் சேர்ந்து 38 பகுதிகள், பெட்டியாகவே கிடைக்கின்றன. மந்திரி கையெழுத்துப் போடுவார். செக்ரட்டரி ஆட்சி நடத்துவார். முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தால்தான், அந்த மந்திரி கொஞ்சம் கொஞ்சமாகச் செக்ரட்டரியின் வித்தைகளைக் கற்றுக்கொள்வது புரியும். இரண்டு நிமிஷ கிளிப்பில் ஜோக் கிடைக்கும். ஆள் கெட்டுப்போகும் கதை கிடைக்காது. (இதை 2001-ல் ஃபரூக் ஷேக் நடிக்க, 'ஜீ மந்த்ரிஜி' என்று இந்தியிலும் எடுத்தார்கள்.)

பெட்டி போட என்ன தடை?

ஒன்று, பாட்டு. நையாண்டி என்றாலே சினிமா மெட்டு வேண்டும், பின்னணி இசை வேண்டும். டி.வி-யில் ஒருமுறை போட வாங்கிய உரிமை, டிஸ்க்காக விற்கச் செல்லாது. அமெரிக்காவில் 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்று ஒரு ரேடியோ ஸ்டேஷன் காமெடி. 2007-ல் டி.வி.டி. போட்டபோது, பாட்டு உரிமைக்குக் கட்டுப்படியாகாமல் பல இடங்களில் வேறு இசையைப் போட்டு ஒப்பேற்றினார்கள். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பெரும்பாலான பாட்டுகளைத் திரும்பச் சேர்த்து முழுத் தொகுப்பு வர 2014 ஆனது. லொள்ளு சபாவில் சினிமா இசையை எடுத்துவிட்டுப் பாருங்கள்... உப்பில்லாத சாம்பார்!

இரண்டு, விலை. 2007 வாக்கில் மோசர்பேர் கம்பெனி வி.சி.டி-யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி-யை 34 ரூபாய்க்கும் விற்று ஒரு ஆட்டம் ஆடியது. அப்போது டீ, வடை காசைச் சேர்த்து வைத்தே ஒரு நூலகம் அமைத்திருக்கலாம். அந்தக் கம்பெனி 2018-ல் திவாலாகி முடிந்தது. அந்த டிஸ்க்குகள் இப்போது புதுச்சேரி சண்டே மார்க்கெட் நடைபாதையில் வெயில் காய்கின்றன.

மூன்றாவதுதான் பெரிய தடை: நேரம். நல்ல பெட்டி என்றால் நிகழ்ச்சி மட்டும் போதாது. எழுதியவர், நடித்தவர், எடிட்டர் எல்லோரும் உட்கார்ந்து, ''இந்த சீன்ல என்ன ஆச்சு தெரியுமா...'' என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆள் வேண்டுமே சார்? சோ 2016-ல் போனார். 'கிரேஸி' மோகன் 2019-ல் போனார். லொள்ளு சபா சேசு 2024-ல் போனார். டேப்பை டிஜிட்டல் ஆக்கலாம். ஆளை ஆக்க முடியாது.

உங்கள் பரணில் என்ன இருக்கிறது?

பி.பி.சி-யின் 'டாட்ஸ் ஆர்மி' காமெடியில் காணாமல் போன இரண்டு எபிசோடுகள் 2001-ல் கிடைத்தன. எங்கே? ஒருவர் வீட்டுத் தோட்டத்து ஷெட்டில்! குப்பை என்று ஸ்டூடியோ தூக்கிப் போட்டதை எடுத்து வைத்திருந்த புண்ணியவானின் தயவு. இன்னும் மூன்று எபிசோடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் மேல் ஏறுங்கள். அண்ணன் டி.வி-யிலிருந்து பதிவு செய்த வி.எச்.எஸ். கேசட் இருக்கும். மாமா வாங்கிய நாடக கேசட் இருக்கும். 'பழைய இரும்பு, பிளாஸ்டிக்குக்கு பேரீச்சம்பழம்' வண்டியில் போட்டுவிடாதீர்கள். வி.எச்.எஸ். பிளேயர் செய்த கடைசிக் கம்பெனியும் 2016-ல் கடையைக் கட்டிவிட்டது. ஓடுகிற பிளேயர் ஊரில் யாரிடமாவது இருந்தால், இப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த டேப்பை மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்போடு பிளேயரும் காலி. அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நாளைக்கே யாராவது ஒரு புண்ணியவான் தமிழ் நையாண்டியை அழகாகப் பெட்டி போட்டு விற்றால், நாமும் ஒன்று செய்ய வேண்டும். ஒருவர் வாங்கி ஆபீஸ் முழுக்க காப்பி போடக் கூடாது. ஆளுக்கு ஒன்று காசு கொடுத்து வாங்க வேண்டும். பில்லையும் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கிய பில்லை, 'சிரிப்பே மருந்து' என்று எழுதி மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். பட்டி மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்!