உப்புக்காற்றில் ஒரு தாய்ப்பலகை

வீட்டிலேயே பொருத்தும் கணினிக்கு முதலில் முடிவுசெய்ய வேண்டியவற்றுள் தாய்ப்பலகையின் அளவும் ஒன்று. கேசிங், மின்வழங்கி, விசிறிகள் எல்லாம் அதையொட்டியே அமையும். இன்டெல் 1995இல் வகுத்த ஏ.ரி.எக்ஸ் பலகை 305 × 244 மில்லிமீற்றர். 1997இல் வந்த மைக்ரோ ஏ.ரி.எக்ஸ், பக்கம் 244 மில்லிமீற்றர் கொண்ட சதுரம். தாய்வானின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி ஐ.ரி.எக்ஸ் 170 மில்லிமீற்றர் சதுரம். திருகாணித் துளைகள் ஒத்துப்போவதால், பெரிய கேசிங்கில் சிறிய பலகையைப் பூட்டலாம். சிறிய கேசிங்கில் பெரியதைப் பூட்ட முடியாது.

அளவு கூடினால் வேகம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. கூடுவது ஸ்லொட்டுகள்தான்: ஏ.ரி.எக்ஸில் 7 வரை, மைக்ரோவில் 4 வரை, மினியில் 1. பெரும்பாலான வீடுகளில் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு மேல் எதுவும் செருகப்படுவதில்லை.

மன்னாரில் இந்தக் கணக்கோடு கடலும் சேர்கிறது. தீவின் அகலம் சில கிலோமீற்றர்களே. பேசாலையிலோ தலைமன்னாரிலோ எந்த வீடும் கடலுக்குத் தொலைவில் இல்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நுண்ணிய உப்பும் மணலும் யன்னல் வழியே உள்ளே வருகின்றன. காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகும். அந்தக் கரைசல் மின்னைக் கடத்தும், செம்பை அரிக்கும். ஆளில்லாத ஸ்லொட் ஒவ்வொன்றும் அதற்குத் திறந்த வாசல்.

அப்படியானால் மிகச் சிறியதே நல்லது என்று தோன்றலாம். ஆனால் நெருக்கமான கேசிங்கில் பெரும்பாலும் சிறிய விசிறிகளே பொருந்தும். வெப்பத்தை வெளியேற்ற அவை வேகமாகச் சுழல வேண்டும், இரைச்சலும் கூடும். கோடைப் பகலில் இது சிறிய தொல்லை அல்ல. ஒரே வசதிகளுக்கு மினி பலகையின் விலையும் பொதுவாக அதிகம். எழுத்துவேலைக்கும் பாடங்களுக்கும் மட்டுமான கணினி என்றால் கதை வேறு: மடிக்கணினி அடப்டர் போன்ற ஒன்றிலேயே ஓடும் மெல்லிய மினி ஐ.ரி.எக்ஸ் பலகைகள் உண்டு. அவற்றின் மின்தேவை குறைவென்பதால், மின்வெட்டில் யூ.பி.எஸ் நெடுநேரம் தாங்கும்.

மற்றவர்களுக்கு மைக்ரோ ஏ.ரி.எக்ஸ் பலகையும் நடுத்தரக் கேசிங்குமே பொருத்தம். உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளுபவற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் காற்று பெரும்பாலும் வடிகட்டி வழியாகவே நுழையும். வடிகட்டியை நல்ல தண்ணீரில் கழுவி, முற்றாக உலர்த்திய பின்னரே மாட்ட வேண்டும்.

மாரியில் கணினியை வாரக்கணக்கில் அணைத்து வைப்பது அதற்குக் கேடு. 27 பாகை செல்சியசில் 85 சதவீதமாக உள்ள சாரீரப்பதன், கணினி ஓடுகையில் அதே காற்று கேசிங்கினுள் 35 பாகைக்குச் சூடேறும்போது சுமார் 54 சதவீதமாகக் குறைகிறது. உப்பு கரைய அது போதாது.