குக்கேயின் பின்னே நிற்கும் குமார பர்வதம்

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் குக்கே சுப்பிரமணியாவுக்குப் போகாதவை குறைவு. சர்ப்ப சம்ஸ்காரம், ஆஸ்லேஷ பலி என்று ஏதாவது ஒன்றை முன்னிட்டு இரவு பஸ் ஏறுவோம். விடியற்காலை குமாரதாரா ஆற்றில் முழுகி, தரிசனம் முடித்து, கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் பஸ்ஸைத் தேடிக் கிளம்பி விடுவோம். ஊருக்குப் பின்னால் மேகத்தைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு ஒரு மலை நிற்பதை அண்ணாந்து பார்ப்பவர்கள் உண்டு. ஏறிப் பார்த்தவர்கள் சொற்பம். அதுதான் குமார பர்வதம்.

உயரம் 1,712 மீட்டர். அதாவது 5,600 அடிக்குச் சற்று மேல். ஊட்டியும் கொடைக்கானலும் இதைவிட உயரமாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே பஸ் நம்மை மேலே கொண்டுபோய் இறக்கி விடுகிறது. குக்கேயோ கடல் மட்டத்துக்குச் சில நூறு அடிகளே மேலே இருக்கிறது. மீதி உயரம் முழுவதையும் நம் கால்கள்தான் ஏற வேண்டும். போக ஏறக்குறைய 13 கிலோமீட்டர், வரவும் அவ்வளவே. பழநிப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறியவர் என்ற பெருமை இங்கே முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

தாரகனையும் சூரபத்மனையும் வென்ற குமாரசுவாமி இந்த மலைக்கு வந்தார் என்பதும், இந்திரன் தன் மகள் தேவசேனையை இங்கே அவருக்கு மணமுடித்துக் கொடுத்தான் என்பதும் குக்கேயின் தலபுராணம். நமக்குத் தெய்வானை திருமணம் திருப்பரங்குன்றத்தில்! இதைப் பற்றிக் கோயில் வாசலில் யாரிடமும் வாதாட வேண்டாம் என்பது என் யோசனை. மார்கசிர மாதத்து வளர்பிறைச் சஷ்டியில் இங்கே தேரோட்டம் நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் தமிழ்க் குரல்கள் நிறையவே கேட்கும்.

காடும் வயலும்

2018 டிசம்பரில் நாங்கள் நால்வர் போனோம். எங்களில் மூத்தவர் அல்சூர்க்காரர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்போது அவருக்கு 59 வயது. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சிகரத்தில் ஆறு பட்டையுள்ள கற்கள் கிடைக்கும், அவற்றை ஆறுமுகனின் வடிவாகப் பூஜிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒரு கல்லைக் கொண்டுவந்து பூஜை அறையில் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

காலை ஏழு மணிக்குக் குக்கேயிலிருந்து நடக்கத் தொடங்கினோம். இதுவே எங்கள் முதல் தவறு. ஐந்தரைக்குத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் அடர்ந்த காடு. வேர்களே படிகள். வெயில் கீழே இறங்காது, காற்றும் இறங்காது. சட்டை பிழியப் பிழிய நனைந்தது. மழை நின்று அதிக நாள் ஆகாவிட்டால் அட்டைகள் வேறு. மூக்குப்பொடியை எண்ணெயில் குழைத்துக் காலில் பூசிக்கொள்ளும் பழைய வைத்தியத்தை அண்ணாச்சி செய்துகொண்டார். எங்களைக் கடித்த அட்டைகள் அவரைத் தொடவில்லை.

காடு சட்டென்று முடிந்து வெளி திறக்கும் இடம் கிரிகத்தே. 'கத்தே' என்றால் கன்னடத்தில் வயல். மலையின் நடுவே பாக்குத் தோப்பும் ஒரு வீடும். 'பட்டர மனே' என்று மலையேறுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வீடு அது. வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சோறு போட்டு வந்த குடும்பம். நாங்கள் போனபோது சோறு, சாம்பார், மோர், ஊறுகாய். வேறொன்றும் இல்லை. அந்தச் சாம்பாருக்கு ஈடாகப் பெங்களூர் ஓட்டல் ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதையடுத்து வனத்துறைச் சாவடி. இங்கிருந்து புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயம். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இதுவும் ஒன்று. பைகளைச் சோதித்த காவலர், இருட்டுவதற்கு முன் இங்கே திரும்பிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மேகத்துக்கு மேலே

சாவடிக்கு மேலே மரம் கிடையாது, புல்தான். நிழல் என்ற பேச்சே இல்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால் ஏறிவந்த களைப்புக்குக் கூலி கிடைத்துவிடும். ஏறி வந்த காடு கம்பளமாய்க் காலடியில் கிடக்கிறது. அதற்கப்பால் ஒன்றன்பின் ஒன்றாக மலை வரிசைகள். முதல் வரிசை பச்சை, அடுத்தது நீலம், அதற்கடுத்தது சாம்பல். கடைசியில் எது மலை, எது வானம் என்று சொல்ல முடியாது. கல் மண்டபத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. நான்கு தூண்களும் ஒரு கூரையும்தான், அந்த வெயிலில் அரண்மனையாகத் தோன்றியது. அருகே ஒரு சுனை உண்டு. கோடையில் அதை நம்பக் கூடாது.

அதற்கு மேல் சேஷ பர்வதம். படமெடுத்த நாகத்தைப் போலத் தோன்றுவதால் இந்தப் பெயர். அதன் உச்சிக்கு வந்தபோது மணி இரண்டரை. விளிம்பில் நின்றால் காலுக்குக் கீழே பாறை செங்குத்தாக இறங்குகிறது. பள்ளத்தாக்கின் அடி கண்ணுக்குத் தெரியவில்லை. மேகம் கீழேயிருந்து புகையாகக் கிளம்பி எங்களைக் கடந்து மேலே போயிற்று. அது விலகிய ஒரு நிமிஷத்தில், எதிரே குமார பர்வதத்தின் சிகரம்! குரல் கொடுத்தால் கேட்கும் தூரம் போலத் தோன்றியது.

தோற்றம்தான் அது. ஒரு சோலைக்காட்டுக்குள் இறங்கி, பிறகு வழுக்குப் பாறையில் ஏறினால்தான் சிகரம். போக ஒரு மணி நேரம், அங்கிருந்து பட்டர் வீட்டுக்கு இறங்க மூன்று மணி நேரம். டிசம்பரில் ஆறேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அண்ணாச்சியின் இடது முழங்கால் வீங்கியிருந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு முகத்தைப் பாக்காம போறதா?" என்றார். எங்களில் இளையவர், "அண்ணாச்சி, ஏறிடலாம், இருட்டுல உங்களை யார் இறக்குறது?" என்றார். அண்ணாச்சி பதில் பேசவில்லை. சிகரத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கினார். இறக்கத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டர் வீட்டு விளக்கு கண்ணில் பட்டபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் 2022 டிசம்பரில் மறுபடியும் போனார், குடகு மாவட்டத்துச் சோமவாரப்பேட்டை வழியாக. அந்தப் பக்கம் பாதை தொடங்கும் இடமே உயரமானது. தூரமும் ஏறக்குறையப் பாதிதான். வயதானவர்களுக்கும் முதல் தடவை போகிறவர்களுக்கும் அதுவே நல்லது. மல்லள்ளி அருவியையும் பார்த்துவிட்டு வரலாம். சிகரத்திலுள்ள சிறிய கற்கோயிலின் முன் அண்ணாச்சி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். கல் எடுத்து வரவில்லை. சரணாலயத்திலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று காவலர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

போகிறவர்களுக்கு

2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறைக்கு ஒரேயடியாகப் பெருங்கூட்டம் வந்து பாதையே அடைத்துக்கொண்டது. அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின. வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைத்து, பிறகு இணையவழி முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. கைபேசியில் பதிவு செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு இது சங்கடம்தான். ஆனால் புல்வெளியெங்கும் தண்ணீர்ப் புட்டிகள் கிடந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் குறையில்லை.

மழைக்காலத்திலும், காட்டுத்தீ பயமுள்ள கோடையிலும் பாதையை மூடிவிடுவார்கள். ஆகவே அக்டோபர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம். அப்போதும் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே டிக்கெட் எடுக்கவும். சிகரத்தில் இரவு தங்க அனுமதியில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி, ஒரு டார்ச் கட்டாயம். ஒரு மணிக்குள் சேஷ பர்வதத்தை அடையாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று கீழேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போய்ப் பேசினால் முடிவு வராது.

பெங்களூரிலிருந்து நேர் பஸ் உண்டு. ரயிலில் வந்தால் சுப்பிரமணியா ரோடு நிலையம்; அங்கிருந்து கோயிலுக்கு 12 கிலோமீட்டர். சக்லேஷ்பூரைத் தாண்டியதும் ரயில் 57 சுரங்கங்களில் புகுந்து புறப்படும். ஒரு காலத்தில் அந்தத் தண்டவாளத்தின் மேலேயே நடந்துபோகும் கூட்டம் இருந்தது. ரயில்வே இப்போது அதைத் தடை செய்திருக்கிறது. பகல் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அந்தக் காட்சி இன்றும் உங்களுடையதே.